கருப்புக் காய்களுக்கு ஒரு திட்டம்

சதுரங்கத்தில் வெள்ளைதான் முதலில் நகர்கிறது. அந்த ஒரு நகர்வின் மதிப்பு எவ்வளவு? தரவுத்தொகுப்புகளில் சேர்ந்திருக்கும் பல லட்சம் ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 54, 55 புள்ளி வெள்ளைக்குப் போயிருக்கிறது, மிச்சம் கருப்புக்கு. வித்தியாசம் கொஞ்சம்தான். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தில் மட்டும் இந்தக் கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது. வெள்ளை கிடைத்தால் என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியும்: நடுவில் சிப்பாய், குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே எடுப்பது, காஸ்லிங், பிறகு தாக்குதல். கருப்பு கிடைத்தாலோ எதிராளி வைக்கும் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டே போய், பதினைந்தாவது நகர்வுக்குள் மூச்சுவிட இடமில்லாமல் நின்றுவிடுகிறது.

கள்ளக்குறிச்சியில் நடக்கும் ஒரு பள்ளிப் போட்டியில் கருப்பில் தோற்று வெளியே வரும் பிள்ளையிடம் என்ன டிஃபென்ஸ் ஆடினாய் என்று கேளுங்கள். கிங்ஸ் இந்தியன், ஃபிரெஞ்ச், சிசிலியன் என்று பெயர் வந்துவிடும். அதில் கருப்புக்கு என்னதான் வேண்டும் என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. யூட்யூபில் பார்த்த எட்டு நகர்வு கையில் இருக்கும். ஒன்பதாவதை ஏன் வைத்தோம் என்பதற்குக் காரணம் இருக்காது. அந்த ஒன்பதாவது நகர்வு எங்கிருந்து வர வேண்டும் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

சென்னையில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972-இல் அங்கிருந்த சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். இன்று அதே நகரில் ஆர்.பி. ரமேஷ் போன்ற பெயர்பெற்ற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அப்படி ஒரு மரபு இன்னும் வேர்பிடிக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் வெள்ளிமலையும் கரியாலூரும் வருகின்றன. கல்வராயன் மலைக் கிராமங்கள் பலவற்றில் செல்போன் சிக்னலையே நம்ப முடியாது. பயிற்சியாளரும் இல்லை, தரவுத்தொகுப்பும் இல்லை என்ற நிலையில் வளரும் பிள்ளைக்கு நூறு நகர்வு வரிசைகளை மனப்பாடம் செய்யச் சொல்வது பயன்படாது. பலகையின் முன் தானே உட்கார்ந்து யோசித்தால் விளங்கக்கூடிய தற்காப்புதான் அவர்களுக்கு உதவும். அப்படிப்பட்ட தற்காப்பு ஒன்று நம் மண்ணிலிருந்தே கிளம்பியது என்பதை நான் பெருமையோடும் கொஞ்சம் ஆதங்கத்தோடும் எழுதுகிறேன்.

ஜான் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தாவில் பாரிஸ்டர், அக்காலத்து ஐரோப்பாவின் வலிமையான ஆட்டக்காரர்களில் ஒருவர். 1840களின் இறுதியில், நகரத்துக்கு வெளியே உள்நாட்டுப் பகுதியில் யாரிடமும் தோற்காத ஒரு பிராமணர் இருப்பதாகக் கல்கத்தா செஸ் கிளப்பாருக்குத் தெரியவந்தது. அவர்தான் மகேஷ்சந்திர பானர்ஜி. அவரை வரவழைத்து காக்ரேன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பலவற்றைக் குறித்தும் வைத்தார். காக்ரேனே அதிகம் வென்றார் என்றாலும், பானர்ஜி கருப்பில் ஆடிய விதம் ஐரோப்பா அதுவரை பார்க்காதது. நடுக்கட்டங்களுக்குச் சிப்பாயோடு பாய்ந்து போட்டியிடாமல் குதிரையை எஃப்6-இல் வைத்தார், ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார், பிஷப்பை ஜி7-இல் உட்கார வைத்தார். வெள்ளை நடுவைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுக் காத்திருந்தார். 1855-இல் அவர் காக்ரேனுக்கு எதிராக ஆடிய ஓர் ஆட்டம், இன்று நாம் குரூன்ஃபெல்ட் என்று அழைக்கும் தற்காப்பின் நகர்வுகளோடு தொடங்குகிறது. எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதைப் போட்டி மேடைக்குக் கொண்டுவந்தது 1922-இல்.

பானர்ஜிக்கு இந்த முறை எப்படிக் கைவந்தது? நம் நாட்டின் பழைய விதிகளில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம், காஸ்லிங் கிடையாது. சிப்பாய்கள் மெல்ல ஊர்கிற ஆட்டத்தில் பழகியவருக்கு டி6, ஜி6 என்று ஒதுங்கி அமைத்துக்கொள்வது இயல்பான கைப்பழக்கமாக இருந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு காக்ரேனைப் போன்றவரை வெல்ல முடியாது. விட்டுக்கொடுத்த நடுவை எப்போது, எந்தச் சிப்பாயால் உடைப்பது என்ற கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்திருக்கிறது.

ஐரோப்பா அந்தக் கணக்குக்குப் பேர் வைத்துக் கோட்பாடாக்க எழுபது ஆண்டுகள் ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டாராஷ் போன்றவர்கள் வகுத்த இலக்கணம் நேரானது: நடுவில் சிப்பாய் வைத்திருப்பவனே ஆட்டத்தின் எசமான், கருப்பும் அங்கே தன் சிப்பாயை ஊன்ற வேண்டும். 1920களில் நிம்சோவிட்ஷ், ரெட்டி, குரூன்ஃபெல்ட் முதலியோர் இதை மறுத்தார்கள். நடுக்கட்டத்தைச் சிப்பாயால் பிடிக்க வேண்டியதில்லை, தூரத்திலிருந்து காய்களால் கண்காணித்தாலே போதும் என்றார்கள். வெள்ளை பெரிதாகக் கட்டிய நடுவே பிறகு வெள்ளை காக்க வேண்டிய சுமையாகிவிடும் என்பது அவர்கள் வாதம். இந்தச் சண்டையில் எந்தத் தரப்பும் முழுதாக வெல்லவில்லை. பெரிய நடு பலமா, பாரமா என்பதை ஒவ்வொரு அமைப்பிலும் தனித்தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும். தற்காப்பைப் படிப்பது என்றால் இந்தத் தீர்மானத்தைச் செய்யப் பழகுவது என்றே நான் சொல்வேன்.

இனி கிங்ஸ் இந்தியனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வெள்ளை டி4, சி4, இ4 என்று மூன்று சிப்பாய்களை ஊன்றி, குதிரைகளை சி3, எஃப்3-இலும் பிஷப்பை இ2-இலும் வைக்கிறது. கருப்பு குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, பிஷப் ஜி7, சிப்பாய் டி6, காஸ்லிங் என்று தன் வீட்டை ஒழுங்குசெய்துவிட்டு ஆறாவது நகர்வில் இ5 என்று நடுவை முட்டுகிறது. இந்த இ5-தான் தற்காப்பின் உயிர். அதுவரை வைத்த ஐந்தும் இதற்கான தயாரிப்பு.

இந்த இடத்தில் புதிதாக ஆடுபவருக்கு ஒரு பயம் வரும். வெள்ளை டி சிப்பாயால் இ5-ஐ வெட்டி, கருப்பு டி சிப்பாயால் திரும்ப வெட்டி, ராணிகளும் டி8-இல் பரிமாறிக்கொண்டால், இ5-இல் நிற்கும் சிப்பாயை வெள்ளைக் குதிரை சும்மா தின்றுவிடாதா? தின்னலாம். அப்போது கருப்பு தன் எஃப்6 குதிரையால் இ4 சிப்பாயை வெட்டுகிறது. குதிரை விலகியதும் ஜி7 பிஷப்பின் கோடு திறந்து, இ5-இல் நிற்கும் வெள்ளைக் குதிரை அடிபடுகிறது. வெள்ளை இ4 குதிரையை வெட்டினால் கருப்புப் பிஷப் இ5 குதிரையை வெட்டும். சிப்பாய்க் கணக்கும் காய்க் கணக்கும் நேராகிவிட்டன. கருப்பின் பிஷப் பலகையின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜி7-இல் பிஷப்பை ஏன் வைத்தோம் என்று ஒரு பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளை சி4 ஏற்கெனவே வைத்துவிட்டதால், இந்தப் பரிமாற்றத்துக்குப் பிறகு டி4 கட்டத்தைக் காக்க அதற்குச் சிப்பாய் கிடையாது. கருப்புக் குதிரை சி6 வழியாக அந்த ஓட்டையை நோக்கிப் போகலாம். ராணிகள் போய்விட்டனவே, ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டதே என்று கருப்பு கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வலுவான வெள்ளை வெட்டுவதில்லை. காஸ்லிங் செய்து, கருப்புக் குதிரை சி6-க்கு வந்ததும் டி5 என்று தள்ளி நடுவை அடைக்கிறது. விரட்டப்பட்ட குதிரை இ7-க்குப் போகிறது. இதுதான் 1953-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா போட்டியால் பெயர் பெற்ற அமைப்பு. இந்தக் கட்டத்தில் பலகையிலிருந்து சிப்பாய்களைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெள்ளையின் இ4, டி5 சிப்பாய்கள் சேர்ந்த சங்கிலி ராணிப் பக்கத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கருப்பின் சி7, டி6, இ5 சங்கிலி ராஜாப் பக்கத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். சங்கிலி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் இடம் அதிகம், அங்கேதான் வேலை. வெள்ளை சி5 என்று டி6-ஐ முட்டும். கருப்பு எஃப்5 என்று இ4-ஐ முட்டும். இருபது நகர்வுக்கான திட்டம் இந்தச் சிப்பாய்களில் எழுதியிருக்கிறது.

திட்டம் தெரிந்துவிட்டால் காய்கள் எங்கே போக வேண்டும் என்பது தானே வரும். எஃப்6 குதிரை எஃப் சிப்பாயின் வழியில் நிற்கிறது. ஆகவே டி7-க்குப் பின்வாங்கும். முன்னேறி வைத்த குதிரையைத் திரும்ப எடுப்பதா என்று பிள்ளைகள் தயங்குவார்கள்; சிப்பாய்க்கு வழிவிடுவதுதான் அங்கே முன்னேற்றம். பிறகு எஃப்5. வெள்ளை எஃப்3 என்று இ4-ஐத் தாங்கிக்கொண்டால் எஃப்4, ஜி5 என்று கருப்புச் சிப்பாய்கள் வெள்ளை ராஜாவின் கூரைக்கு வந்துவிடும். இ7 குதிரை ஜி6-க்கு வரும். அடைபட்டுப்போன ஜி7 பிஷப் இப்போது எஃப்8-க்குப் போய் டி6-ஐக் காக்கும். காலியான ஜி7-க்கு எஃப்7 வழியாக யானை வந்து ஜி வரிசையில் சிப்பாய்க்குப் பின்னால் நிற்கும். யானை எஃப்7, பிஷப் எஃப்8, யானை ஜி7 என்ற இந்த மூன்று நகர்வைத் தனியாகப் பார்த்தால் வீட்டுக்குள் சாமானை இடம் மாற்றுவதாகத்தான் தெரியும். சிப்பாய்ச் சங்கிலியைப் புரிந்துகொண்ட ஒருவருக்கு இவை தவிர வேறெதுவும் தோன்றாது.

சி8 பிஷப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பல நகர்வு வரை வீட்டிலேயே நிற்கிறது. வெளியே எடுக்கவில்லையே என்று பார்ப்பவர் பதறுவார்கள். ஆனால் கருப்பின் தாக்குதலுக்கு அதுதான் கூர்மை. ஜி4 முட்டலுக்கு அது துணை. வெள்ளை எச்3 என்று தடுத்தால் அந்தச் சிப்பாயின் மேலேயே விழுந்து தன்னைக் கொடுத்து ராஜாவின் கூரையைப் பிரிப்பதும் அதுவே. அதனால்தான் தேர்ந்த வெள்ளை ஆட்டக்காரர்கள் குதிரையை பி5 வழியாக அனுப்பி எப்படியாவது அந்த ஒரு பிஷப்பை மாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். அது போனால் கருப்பின் சிப்பாய்கள் வெறும் ஊர்வலம். எந்தக் காயைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்ற அறிவும் தற்காப்பின் கருத்துக்குள் அடங்கும். நம் பிள்ளைகள் பரிமாற்றம் கிடைத்தால் உடனே செய்துவிடுகிற பழக்கத்துக்கு இந்தத் தற்காப்பு நல்ல மருந்து.

ராஜாவுக்கு முன்னாலுள்ள சிப்பாய்களை இப்படிப் பாய்ச்சுவது ஆபத்தில்லையா என்றால், நடு அடைபட்டிருக்கும் வரை இல்லை. நடு திறந்திருக்கும்போது இதே ஜி5-ஐ வைத்தால் தற்கொலை. வெள்ளை டி5 தள்ளாமல் நடுவை இழுபறியில் வைத்திருந்தால் கருப்புக்கும் திட்டம் வேறு: இ சிப்பாயால் டி4-ஐ வெட்டி, யானையை இ8-இலும் குதிரையை சி5-இலும் வைத்து இ4-ஐ நெருக்குவது. ஒரே தற்காப்பில் இரண்டு முகம். எந்த முகம் என்பதை வெள்ளையின் டி சிப்பாய் தீர்மானிக்கிறது.

இந்தக் கருத்துகளை 1940களில் பட்டைதீட்டியவர்கள் சோவியத் ஆட்டக்காரர்களான பிரான்ஸ்டைன், போலெஸ்லாவ்ஸ்கி, கெல்லர். 1946-இல் பிராகாவுக்கும் மாஸ்கோவுக்கும் நடந்த போட்டியில் பிரான்ஸ்டைன் கருப்பில் ஸீட்டாவையும் பாக்மனையும் வென்ற இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகுதான் உலகம் இதை மதிக்கத் தொடங்கியது. ஃபிஷர் விரும்பி ஆடினார். காஸ்பரோவ் இதைக் கொண்டு பலரைச் சாய்த்தார். 1990களில் கிராம்னிக் ஒன்பதாவது நகர்விலேயே பி4 என்று ராணிப் பக்கம் பாயும் முறையைக் கூர்மையாக்கி காஸ்பரோவையே வருத்தினார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் காஸ்பரோவ் கிங்ஸ் இந்தியனைக் கைவிட்டார். இன்றைய கணினி எஞ்சின்களும் இதற்கு நல்ல மதிப்பெண் தருவதில்லை. வெள்ளைக்கு இடம் அதிகம் என்பதை அவை தயங்காமல் சொல்கின்றன.

அப்படியானால் இதை ஏன் கற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2010-இல் துருக்கியின் புர்சா நகரில் நடந்த உலக அணிப் போட்டியைக் காட்டலாம். வெள்ளையில் போரிஸ் கெல்ஃபண்ட். தொடக்க அறிவில் அவருக்கு இணையானவர்கள் சிலர்தான். கருப்பில் ஹிகாரு நகமுரா, இதே மார் டெல் பிளாட்டா அமைப்பு. வெள்ளை ராணிப் பக்கத்தில் சொன்னபடி நுழைந்தது. கருப்பு ராஜாப் பக்கத்தில் சொன்னபடி நுழைந்தது. வென்றது கருப்பு. ராணிப் பக்கம் தோற்றால் ஒரு சிப்பாயோ யானையோ போகும், ராஜாப் பக்கம் தோற்றால் ஆட்டமே போகும் என்ற எளிய ஏற்றத்தாழ்வை எஞ்சினின் மதிப்பெண் மனிதருக்கு உணர்த்துவதில்லை. மாவட்ட அளவில் ஆடும் பிள்ளைக்கு எதிரே உட்காருவது எஞ்சின் அல்ல. 0.7 வெள்ளைக்குச் சாதகம் என்ற கணக்கைப் பலகையில் நிறைவேற்றத் தெரிந்த பதினான்கு வயதுக்காரர் அரிது.

மனப்பாடத்தின் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆனந்திடமே போகலாம். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், ஜெர்மனியிலிருந்து தரைவழியாக நெடுந்தூரம் பயணம் செய்து அவர் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவை அடைந்தார். 2010 ஏப்ரல் 24 அன்று டோபலோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம். ஆனந்த் கருப்பில் குரூன்ஃபெல்ட் ஆடினார். அந்தத் தற்காப்பில் கருப்பு வெள்ளைக்கு மாபெரும் நடுவை விட்டுக்கொடுத்து, சி5, குதிரை சி6, பிஷப் ஜி7 என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் டி4-ஐ அடிக்கும். ஒரு நகர்வு வரிசை பிசகினாலும் அந்த நடு உருண்டு வந்து நசுக்கிவிடும். ஆனந்த் தயாரித்து வைத்திருந்த வரிசைகள் குழம்பின. இருபத்து மூன்றாவது நகர்வில் ராஜாவை எஃப்7-இல் வைத்தார். டோபலோவ் எஃப்6-இல் குதிரையைப் பலி கொடுத்தார். முப்பதாவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. உலக சாம்பியனுக்கே, உலகின் தலைசிறந்த உதவியாளர்கள் சூழ இருந்தும், நினைவு கைவிட்டது.

அதே போட்டியின் பன்னிரண்டாவது, கடைசி ஆட்டம் மே 11. மறுபடியும் ஆனந்துக்குக் கருப்பு, புள்ளிகள் சமம். இம்முறை அவர் எடுத்தது நூறாண்டுப் பழமையான லாஸ்கர் தற்காப்பு. அதன் கருத்து ஒரே வரியில் அடங்கும்: இடம் குறைவாக இருக்கிறதா, குதிரையை இ4-க்குக் கொண்டுபோய் இரண்டு ஜோடிக் காய்களை மாற்றிவிடு, குறைந்த இடம் குறைந்த காய்களுக்குப் போதும். டோபலோவ் சமநிலையை வேண்டாமல் முந்தினார். முப்பதாவது நகர்வில் ஆனந்த் எஃப்5, அடுத்து இ4 என்று சிப்பாய்களைக் கொடுத்துத் திறந்தார். நெடுங்கோட்டில் ஓரமாகக் காத்திருந்த பிஷப்பின் பார்வை நேரே வெள்ளை ராஜாவின் மேல் விழுந்தது. பட்டம் 6.5–5.5 என்று ஆனந்திடமே தங்கியது. இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள் என்று நான் ஒவ்வொரு ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்வேன். கூர்மையான தற்காப்பு கெட்டது, அமைதியானது நல்லது என்று முடிவுகட்டுவதற்காக அல்ல. 2008-இல் பான் நகரில் இதே ஆனந்த், கிராம்னிக்குக்கு எதிராக மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கருப்பில் மிகக் கூர்மையான மெரான் வரிசையை ஆடி இரண்டையும் வென்றவர். தன் ராஜாவுக்கு அருகே சிப்பாய்கள் சிதைந்தாலும் பரவாயில்லை, ஜி வரிசை யானைக்கும் பி7 கோடு பிஷப்புக்கும் திறக்கிறது என்ற கருத்து அங்கே நகர்வுகளைத் தாங்கிப் பிடித்தது.

மற்றத் தற்காப்புகளையும் இதே கண்ணால் விரைவாகப் பார்த்துவிடலாம். ஃபிரெஞ்சில் கருப்பு உறுதியான சிப்பாய்ச் சங்கிலியைப் பெறுகிறது. விலையாக சி8 பிஷப் தன் இ6 சிப்பாயின் பின்னால் சிறைப்படுகிறது. சி5 முட்டல் இல்லாத ஃபிரெஞ்ச் மூச்சில்லாத உடம்பு. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் குகேஷுக்கு எதிராக டிங் லிரென் ஆடி வென்றது இந்த ஃபிரெஞ்ச்தான். காரோ-கான் அதே உறுதியைத் தருகிறது, பிஷப்பை முதலில் வெளியே விட்டபிறகு. அதற்காக ஒரு நகர்வு தாமதத்தை ஏற்கிறது. பெர்லினில் ராணிகள் ஆரம்பத்திலேயே போய்விடும், கருப்பு ராஜாவுக்கு காஸ்லிங் கிடையாது. ஆனாலும் 2000-இல் லண்டனில் காஸ்பரோவால் கிராம்னிக்கின் அந்தச் சுவரை ஒருமுறைகூட உடைக்க முடியவில்லை. சிசிலியன் தனி உலகம். அதற்கு இங்கே இடமில்லை. எதை எடுத்தாலும் எதை விட்டுக்கொடுத்தோம், எந்தச் சிப்பாயால் முட்டுவோம், எந்தக் காய்க்குக் கஷ்டம், எது மாறினால் நமக்கு லாபம் என்று கேட்டுப் பழகிய பிள்ளை புதிய தற்காப்பையும் ஒரு மாலையில் ஓரளவு பிடித்துவிடும்.

கல்வராயன் மலைப் பிள்ளைக்கு எது என்று என்னைக் கேட்டால், முதல் ஓராண்டு இ4-க்கு இ5, டி4-க்கு டி5 என்று நேராக ஆடட்டும் என்பேன். நடுவைப் பிடிக்கத் தெரியாதவருக்கு நடுவை விட்டுக்கொடுக்கும் கலை விளங்காது. டாராஷைக் கடந்துதான் நிம்சோவிட்ஷிடம் போக வேண்டும். அதன்பிறகு டி4-க்கு எதிராக கிங்ஸ் இந்தியன். பள்ளிப் போட்டிகளில் இப்போது பிஷப்பை எஃப்4-இல் வைக்கும் லண்டன் முறைதான் அதிகம் காணப்படுகிறது. அதற்கும் இதே அமைப்பு பொருந்தும்: டி6, குதிரை டி7, பிறகு இ5; அந்த இ5 எஃப்4 பிஷப்பையே முட்டி நேரத்தையும் பெற்றுத்தரும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த அமைப்பை இ4-க்கு எதிராகவும் கண்ணை மூடிக்கொண்டு ஆடக் கூடாது. அப்போது அது பிர்ச் ஆகிவிடும். காய்கள் அதே கட்டங்களில்தான் நிற்கும். ஆனால் வெள்ளை சி4-க்குச் செலவழித்திருக்க வேண்டிய நகர்வை பிஷப் இ3, ராணி டி2, பிஷப் எச்6 என்று நேரே கருப்பு ராஜாவின் மேல் செலவழிக்கும். டி4 ஓட்டையும் அங்கே இருக்காது. அமைப்பை மட்டும் பார்த்துக் கற்றவர் இந்த இடத்தில் அடிபடுவார். வெள்ளையின் சி சிப்பாய் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழகியவர் அடிபடமாட்டார்.

இதற்கெல்லாம் கணினி வேண்டுமா? குகேஷின் தொடக்ககாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் நிலையை நெருங்கும் வரை அந்தச் சிறுவனை எஞ்சின் பயன்படுத்த விடவில்லை என்பது எல்லோரும் அறிந்த செய்தி. சென்னையில், வசதிகளின் நடுவே, வேண்டுமென்றே ஒதுக்கி வைத்த கருவி அது. 2019 ஜனவரியில் 12 வயதில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வெள்ளிமலையில் அந்தக் கருவி இல்லை என்பதை ஒரு குறையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம். பயிற்சியாளர் இல்லாத குறை உண்மையானது. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு பலகை, முப்பத்திரண்டு காய், மேலே சொன்ன நாலைந்து ஆட்டங்களின் அச்சுப்பிரதி, இவ்வளவு இருந்தால் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் மாலை நேரத்தில் வேலையைத் தொடங்கலாம். எட்டாவது நகர்வில் நிறுத்தி, சிப்பாய்களைத் தவிர மற்றதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் எங்கே முட்டும் என்று பிள்ளைகளையே சொல்ல வைக்கலாம். பிறகு காய்களைத் திரும்ப வைத்து, அவர்கள் சொன்ன திட்டத்துக்கு எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று தேட வைக்கலாம். அதன்பிறகே அச்சிலிருக்கும் ஆட்டத்தைக் காட்ட வேண்டும்.

மாவட்ட அளவில் செய்ய வேண்டிய ஒன்று பாக்கி. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது தமிழ்நாடெங்கும் பள்ளிகளில் சதுரங்கம் பேசப்பட்டது. இப்போது முதலமைச்சர் கோப்பையிலும் அது இருக்கிறது. ஆனால் வட்டார, மாவட்டச் சுற்றுகளில் பெரும்பாலான பிள்ளைகள் நகர்வுகளை எழுதுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் காய்கள் பைக்குள் போகின்றன, தோல்வியின் காரணமும் அதோடு போய்விடுகிறது. காக்ரேன் எழுதி வைத்ததால்தான் பானர்ஜியின் ஆட்டம் நமக்குக் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் நடக்கும் ஒவ்வொரு பள்ளிப் போட்டியிலும் நகர்வுத்தாளும் பேனாவும் பலகையோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும். போட்டி முடிந்ததும் கருப்பில் ஆடியவர் தன் தாளின் ஓரத்தில், எந்த நகர்வில் எந்தச் சிப்பாயால் முட்ட நினைத்தேன் என்று ஒரு வரி எழுதட்டும். உடற்கல்வி ஆசிரியர் அந்தத் தாள்களை வாங்கி வைத்து அடுத்த வாரம் பலகையில் ஓட்டிக் காட்டட்டும்.